தென்னை மட்டை விழுந்து 3 டியூப் போச்சு: 200 லிட்டர் சோலார் ஹீட்டரில் நாமே மாற்றலாமா?

மாடிவீட்டுக்காரன் (வடவள்ளி, கோவை)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு மாடியில் 200 லிட்டர் சோலார் வாட்டர் ஹீட்டர் இருக்கிறது. கண்ணாடி டியூப் மாடல், மொத்தம் 20 டியூப். பக்கத்துத் தோட்டத்துத் தென்னையிலிருந்து மட்டை விழுந்ததில் நடுவில் மூன்று டியூப் நொறுங்கி, டேங்கில் இருந்த தண்ணீர் முழுக்க மாடியில் ஓடிவிட்டது. நல்ல வேளை, அப்போது மாடியில் யாரும் இல்லை.

விற்ற கடையில் கேட்டால், "சிஸ்டம் பழசாகிவிட்டது, இருபதையும் ரப்பர் ரிங்கோடு மாற்றிவிடுங்கள்" என்கிறார்கள். அவர்கள் சொன்ன தொகைக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் புது சிஸ்டமே வாங்கிவிடலாம் போலிருக்கிறது. டியூப் மட்டும் தனியாகக் கடைகளில் கிடைக்கிறது. மூன்றை மட்டும் வாங்கி நானே போட்டுக்கொள்ள முடியுமா? ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், பிளம்பிங் வேலையும் ஓரளவு தெரியும். கண்ணாடி என்பதால்தான் தயக்கம்.

---

கொங்கு பிளம்பர் (ஈரோடு)

தாராளமாகப் போடலாம் சார். எங்கள் பையன்கள் மூன்று டியூபை டீ ஆறுவதற்குள் போட்டுவிடுவார்கள். போடுவது சுலபம், எந்த நேரத்தில் போடுகிறீர்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அதை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் செய்ய வேண்டியது: ஹீட்டருக்குப் போகும் குளிர்ந்த தண்ணீர் வால்வை மூடிவிட்டீர்களா? மீதி 17 டியூப் மேல் தார்ப்பாயோ பழைய பெட்ஷீட்டோ போட்டு மூடிவிட்டீர்களா? இல்லையென்றால் இதைப் படித்து முடிப்பதற்கு முன்னால் மாடிக்குப் போய் மூடிவிட்டு வாருங்கள்.

அடுத்து டியூப் அளவு. இங்கே இரண்டு அளவு ஓடுகிறது: 47 மி.மீ. விட்டத்தில் 1500 மி.மீ. நீளம், 58 மி.மீ. விட்டத்தில் 1800 மி.மீ. நீளம். கடைக்காரரிடம் "200 லிட்டருக்கு டியூப் கொடுங்கள்" என்று கேட்டு வாங்காதீர்கள். அளந்துவிட்டுப் போங்கள்.

---

மாடிவீட்டுக்காரன்

வால்வை அன்றே மூடிவிட்டேன். தார்ப்பாய் போடவில்லை, இப்போதுதான் போட்டுவிட்டு வருகிறேன். ஆனால் ஏன் என்று புரியவில்லை. டேங்கில்தான் சொட்டுத் தண்ணீர் இல்லையே, எதைச் சூடாக்கப் போகிறது?

டியூபைச் சுற்றி நூல் விட்டு அளந்தேன், 18 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல் வருகிறது.

---

கொங்கு பிளம்பர் (ஈரோடு)

அப்படியென்றால் 58-தான். 47-ஆக இருந்தால் நூல் 15 செ.மீ.க்குள் முடிந்திருக்கும்.

டேங்க் காலிதான், டியூப் காலி இல்லை. நல்ல டியூபெல்லாம் டேங்கின் அடியிலிருந்து கீழே தொங்குகிறது அல்லவா? டேங்க் வடிந்தாலும் அதில் தண்ணீர் அப்படியே நிற்கும். 58-க்கு 1800 டியூபில் ஒவ்வொன்றிலும் இரண்டரை லிட்டருக்கு மேல் பிடிக்கும். வெயிலில் விட்டால் அது கொதித்துக் கொதித்து ஆவியாகிவிடும். ஒருநாள் டியூப் சுத்தமாகக் காய்ந்திருக்கும். அந்த நேரம் பார்த்து வீட்டில் யாராவது வால்வைத் திறந்தால் மிச்சம் 17-ம் ஒவ்வொன்றாக வெடிக்கும்.

---

இயற்பியல் வாத்தியார் (மதுரை)

பிளம்பர் தம்பி சொல்வது மிகைப்படுத்தல் இல்லை. காரணம் தெரிந்தால் தானாகவே கவனம் வரும் என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன்.

அது ஒற்றைக் கண்ணாடி இல்லை, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழாய்கள். இரண்டுக்கும் நடுவில் காற்றை உறிஞ்சி எடுத்து, அடிமுனையை உருக்கி அடைத்திருப்பார்கள். வீட்டுத் தெர்மாஸ் பிளாஸ்க்கின் உள்ளே இருப்பதும் இதே அமைப்புதான். ஜேம்ஸ் டீவார் 1892-ல் திரவ வாயுக்களைக் குளிராகவே வைத்திருக்கச் செய்த குடுவையிலிருந்து இரண்டும் வந்தன. உள் குழாயின் வெளிப்பக்கத்தில் கருநீலமாகத் தெரியும் பூச்சில்தான் வித்தை இருக்கிறது. பெரும்பாலும் அலுமினியமும் அதன் நைட்ரைடும் அடுக்கடுக்காகப் படிந்த பூச்சு அது. வெயிலில் 90 சதவீதத்துக்கு மேல் விழுங்கிக்கொள்ளும். ஆனால் தான் சூடான பிறகு அந்தச் சூட்டை அகச்சிவப்புக் கதிராக வெளியே விடாது, அதாவது மிகக் கொஞ்சமே விடும். இந்தப் பூச்சு 1980-களில் பெய்ஜிங்கின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் உருவானது. அங்கிருந்துதான் சீனாவில் தொழிற்சாலை தொழிற்சாலையாகக் கிளம்பி நம் மாடிகள் வரை வந்திருக்கிறது.

வெற்றிடம் இருப்பதால் சூடு கடத்தலாலும் போகாது, காற்றோட்டத்தாலும் போகாது. பூச்சு கதிர்வீச்சையும் தடுக்கிறது. ஆக வெயில் உள்ளே வரலாம், சூடு வெளியே போக வழியில்லை. தண்ணீர் இல்லாத டியூபின் உட்புறம் நல்ல வெயிலில் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டும். வெளிக் கண்ணாடியைத் தொட்டால் ஒன்றுமே தெரியாது, அதனால் நாமும் ஏமாந்துபோவோம். அந்த நிலையில் 25 டிகிரி தண்ணீர் பட்டால் உள்கண்ணாடியின் ஒரு பக்கம் சட்டென்று சுருங்கும், மறுபக்கம் விரிந்தே நிற்கும். போரோசிலிகேட் கண்ணாடி சாதாரணக் கண்ணாடியைப் போல மூன்றில் ஒரு பங்குதான் விரியும். டியூப் பெட்டியில் "போரோசிலிகேட் 3.3" என்று போட்டிருப்பார்களே, அந்த 3.3 விரிவுக் குணகம்தான். அதற்கும் ஓர் எல்லை உண்டு.

---

காப்பர் பேனல் (சேலம்)

இந்தத் தலைவலியெல்லாம் எதற்கு? டியூபுக்குப் பதில் கண்ணாடி மூடிய தட்டைப் பெட்டிக்குள் செம்புக் குழாய் ஓடும் பிளாட் பிளேட் மாடல் வாங்கியிருந்தால், மட்டை விழுந்திருந்தாலும் டஃபன்டு கிளாஸ் தாங்கியிருக்கும். எங்கள் அப்பா காலத்தில் போட்ட காப்பர் பேனல் இன்னும் ஓடுகிறது. ஐ.எஸ். 12933 என்ற இந்தியத் தர முத்திரையோடு வரும். டியூப் மாடல் விலை மலிவு என்று வாங்கிவிட்டு ஆளாளுக்கு மாடியில் கண்ணாடி பொறுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

---

கொங்கு பிளம்பர் (ஈரோடு)

சேலத்து அண்ணா, உங்கள் வீட்டில் என்ன தண்ணீர்? மேட்டூர்த் தண்ணீர் என்றால் காப்பர் பேனல் ஓடத்தான் செய்யும். எங்கள் பக்கம் போர் தண்ணீரில் ஓட்டிப் பாருங்கள். பேனலுக்குள் இருக்கும் ரைசர் குழாய் அரை அங்குலம்தான், உப்பு படிந்து அடைத்துக்கொண்டால் தண்ணீர் சுற்றாது. மேலே பார்க்கப் பேனல் பளபளவென்று இருக்கும், குழாயில் வெதுவெதுப்புதான் வரும். நானே எத்தனையோ பேனலைக் கழற்றிப் பழைய செம்பு விலைக்குப் போட்டிருக்கிறேன். டியூபில் உப்பு படிந்தாலும் வாய் அகலம் என்பதால் ஓட்டம் சீக்கிரம் நிற்காது. கழற்றிக் கழுவவும் செய்யலாம்.

---

நீலகிரி குளிர் (ஊட்டி)

எங்கள் ஊர் அனுபவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிசம்பர், ஜனவரியில் இங்கே உறைபனி விழும். பிளாட் பிளேட்டில் நேரடியாகத் தண்ணீர் ஓடும் மாடலாக இருந்தால் ரைசருக்குள் தண்ணீர் உறைந்து செம்புக் குழாய் பிளந்துவிடும். காற்றின் வெப்பநிலை பூஜ்யத்துக்கு இறங்கக்கூட வேண்டியதில்லை. தெளிந்த வானம் இருந்தால் தகடு இரவில் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுக் காற்றைவிடக் குளிர்ந்துபோகும். டியூப் மாடலில் வெற்றிடம் இருப்பதால் உள்ளே இருக்கும் தண்ணீர் உறைவதில்லை. டியூபுக்கும் டேங்குக்கும் எதுவும் ஆகாது, டேங்குக்கு வரும் வெளிக்குழாயைத்தான் நன்றாகப் போர்த்திவைக்க வேண்டும்.

ஆனால் குரங்குத் தொல்லை என்று வந்தால் சேலத்து நண்பரின் பிளாட் பிளேட் பக்கம்தான் நான். குரங்கு நேராகக் கண்ணாடியை உடைக்காது, ஸ்டாண்டைப் பிடித்து உலுக்கும், அந்த ஆட்டத்தில் டியூப் போய்விடும்.

---

மாடிவீட்டுக்காரன்

பிளாட் பிளேட்டா டியூபா என்ற சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளலாமா? எனக்கு முதலில் வெந்நீர் வேண்டும், வீட்டில் அம்மா இருக்கிறார்.

புது டியூப் மூன்றும், ரப்பர் ரிங்கும் வாங்கிவிட்டேன். கடைக்காரர் ஒரு டியூபைத் தலைகீழாகக் காட்டி, "அடியில் வெள்ளி மாதிரி மின்னுது பாருங்க, அதுதான் ஒரிஜினல்" என்றார். உண்மையா, வியாபாரப் பேச்சா?

---

இயற்பியல் வாத்தியார் (மதுரை)

பாதி உண்மை. அந்த வெள்ளிப் பூச்சு பேரியம். அடைத்து முடித்த பிறகு உள்ளே கொஞ்சநஞ்சம் கசியும் வாயுவைப் பிடித்துவைப்பதற்காக அதை அங்கே படியவைக்கிறார்கள். வெற்றிடம் போய்க் காற்று புகுந்துவிட்டால் பேரியம் ஆக்சைடாகி, கண்ணாடி போல மின்னிய இடம் சுண்ணாம்பு போல வெளுத்துவிடும். ஆக, மின்னினால் வெற்றிடம் இருக்கிறது என்று அர்த்தம். எந்தக் கம்பெனி சரக்கு என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது.

உங்கள் பழைய 17 டியூபின் அடியையும் இப்போதே பார்த்துவிடுங்கள். அடி வெளுத்திருப்பது செத்த டியூப். தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருக்கும், ஆனால் பகலில் வாங்கும் சூட்டை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். நல்ல வெயிலில் வெளிக் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தும் கண்டுபிடிக்கலாம். மற்றதெல்லாம் சாதாரணமாக இருக்க, அது மட்டும் சுடும்.

இருபதையும் மாற்றச் சொன்ன கடைக்காரருக்கு இதுதான் பதில். வெளுத்ததை மாற்றுங்கள், மின்னுவதை விட்டுவிடுங்கள்.

---

கொங்கு பிளம்பர் (ஈரோடு)

வாத்தியார் சொன்னது சரி. இப்போது வேலைக்கு வருவோம். நீளமாக எழுதுகிறேன், முழுக்கப் படித்துவிட்டு மாடி ஏறுங்கள்.

நேரம்: விடியற்காலை, வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். சாயங்காலம் இருட்டுவதற்கு முன்பும் செய்யலாம். ஆனால் டியூபில் இருக்கும் பழைய தண்ணீர் அப்போது கொதிநிலையில் இருக்கும், கையில் கொட்டினால் தோல் உரிந்துவிடும். உங்களுக்குத் தார்ப்பாய் போட்டிருப்பதால் அந்தப் பயம் குறைவு. டேங்க் நிறைந்திருக்கும் வீடுகளில் முதல் நாள் ராத்திரியே வெந்நீரையெல்லாம் திறந்து விட்டுவிட வேண்டும். குளிர்ந்த தண்ணீர் ஏறிய பிறகு காலையில் வால்வை மூடி, டேங்கை வடித்துவிட்டு ஆரம்பிக்கலாம்.

புது டியூப் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். வெளியே எடுத்து வெயிலில் சாத்திவைத்துவிட்டு ஸ்பேனர் தேடப் போகாதீர்கள். அடிமுனையில் சின்னக் கூர் இருக்கும், உருக்கி அடைத்த இடம் அதுதான். அதன் மேல் பிளாஸ்டிக் மூடி இருந்தால் எடுக்காதீர்கள். அந்தக் கூர் தரையில் இடித்து உடைந்தால் புஸ்ஸென்று ஒரு சத்தம், காசு போச்சு.

உடைந்த டியூபின் கழுத்து டேங்க் ஓட்டைக்குள் மாட்டிக்கொண்டிருக்கும். தடித்த கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, முறுக்கி முறுக்கி வெளியே எடுங்கள். துண்டு டேங்குக்குள் விழுந்திருந்தால் விரல் விட்டுத் தேட வேண்டாம். டார்ச் அடித்துப் பார்த்து, சின்ன ஈரத்துணியைக் குச்சியில் கட்டி ஒற்றி எடுங்கள். பழைய ரிங்கை வெளியே இழுத்துவிட்டு ஓட்டையின் விளிம்பைத் தடவிப் பாருங்கள். உப்பு கட்டியாகப் படிந்திருந்தால் மரக் குச்சியால் சுரண்டுங்கள். ஸ்க்ரூடிரைவர் போட்டால் தகட்டில் கீறல் விழும், அங்கேதான் பின்னால் துரு பிடிக்கும்.

புது ரிங்கை ஓட்டையின் பள்ளத்தில் சுற்றிலும் சமமாக உட்கார வையுங்கள். விரலை வைத்து ஒரு முழுச் சுற்றுத் தடவினால் மடிப்பு இருந்தால் தெரிந்துவிடும். ஒழுகல் வருவதில் முக்கால்வாசி இந்த மடிப்பால்தான்.

டியூபில் முதலில் ஏற்ற வேண்டியது தூசி ரிங், அதாவது டேங்க் ஓட்டையை வெளிப்பக்கம் தூசி போகாமல் மூடும் ரிங். இதை மறந்துவிட்டு டியூபைச் செருகியவர்கள் திரும்பக் கழற்றித்தான் ஆக வேண்டும், பின்னால் ஏற்ற வழி கிடையாது. அப்புறம் டியூபின் வாய்ப்பக்கம் ஒரு சாண் அளவுக்குச் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். எண்ணெய், கிரீஸ், வாசலின் எதுவும் கூடாது. சோப்பு காய்ந்துவிடும், ரிங் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் காயாது, சிலிக்கான் ரிங்கையும் ஊற வைத்துக் கெடுத்துவிடும்.

டியூபை ஓட்டைக்கு நேர்கோட்டில் பிடித்து, ஒரே திசையில் திருகிக்கொண்டே மேலே தள்ளுங்கள். கை, ரிங்குக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அடிநுனியைப் பிடித்து நெம்பினால் கழுத்தில் முறியும். டியூபின் அடிநுனியைத் தாங்கும் கப் இரண்டு விதமாக வரும். சில மாடலில் டியூபை மேலே கொஞ்சம் அதிகமாக ஏற்றிவிட்டுக் கப்புக்குள் இறக்க வேண்டும். சிலவற்றில் கப்பைத் திருகிக் கழற்றி, கீழ்ப் பட்டையின் ஓட்டை வழியாகவே டியூபை மேலே அனுப்ப வேண்டும். கப்பை இறுக்கும்போது டியூப் அசையாமல் நின்றால் போதும், மூச்சுப்பிடித்து இறுக்க வேண்டாம். கண்ணாடி சூட்டில் நீள இடம் வேண்டும்.

புது சிஸ்டம் பூட்டுகிறவர்களுக்கு ஒன்று: முதலில் இடக்கோடி டியூபையும் வலக்கோடி டியூபையும் போடுங்கள். இரண்டும் நெருடாமல் உட்கார்ந்தால் ஸ்டாண்டு சதுரமாக இருக்கிறது என்று அர்த்தம். உட்காரவில்லையென்றால் ஸ்டாண்டின் மூலைக்கு மூலை டேப் பிடித்துப் பாருங்கள், இரண்டு குறுக்களவும் ஒன்றாக வர வேண்டும். கோணல் ஸ்டாண்டில் டியூபைத் திணித்தால் இன்று நிற்கும், ஆடிக் காற்றில் உடையும்.

எல்லாம் போட்டதும் வெயில் வருவதற்குள் வால்வைத் திறந்து தண்ணீர் ஏற்றிவிடுங்கள். கீழே பாத்ரூமில் வெந்நீர்க் குழாயைத் திறந்து வையுங்கள், காற்று போகட்டும். வேலை இழுத்து வெயில் வந்துவிட்டதா? தார்ப்பாயை மூடிவிட்டு மறுநாள் காலையில் ஏற்றுங்கள். அன்றைக்குக் குளிக்க அடுப்பில் தண்ணீர் வையுங்கள்.

---

ஒயிட்ஃபீல்டு தமிழன் (பெங்களூர்)

அருமை. எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு சோலார் ஹீட்டர், ஆனால் டியூப் மாற்ற ஆள் கேட்டால் ஞாயிற்றுக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குத்தான் வருகிறார்கள். இதைப் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

ஒரு சந்தேகம். மூன்று டியூப் இல்லாமலே, ஓட்டைகளை அடைத்துவிட்டு ஓட்ட முடியாதா?

---

கொங்கு பிளம்பர் (ஈரோடு)

முடியும். ஓட்டைக்கென்றே சிலிக்கான் டம்மி கிடைக்கிறது. டியூப் வரும்வரை அதைப் போட்டு ஓட்டலாம். சூடு டியூப் கணக்குக்குத் தகுந்தபடி குறையும். பங்குனி, சித்திரையில் ஒன்றும் தெரியாது. ஐப்பசி மழையில் தெரியும்.

---

திருப்பூர் அக்கா

டியூபைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். டேங்க் மேலே நிற்கும் ஏர் வென்ட் குழாயைப் பற்றி யாருமே சொல்லவில்லையே. எங்கள் வீட்டில் ஒழுகுகிறது என்று யாரோ அதன் வாயில் மூடி போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். டேங்கைக் கழுவ வடித்தபோது உள்ளே காற்று போக வழியில்லாமல் உள்டேங்க் ஒரு பக்கமாக ஒடுங்கிப்போனது. புது டேங்க்தான் வாங்கினோம். தம்பி, வடிப்பதற்கு முன்னால் அந்தக் குழாயில் குளவிக்கூடு இருக்கிறதா என்று பாருங்கள்.

---

கொங்கு பிளம்பர் (ஈரோடு)

அக்கா சொன்னதை எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள். உள்டேங்க் மெல்லிய ஸ்டீல் தகடுதான், வெளியே தெரியும் தடிமனெல்லாம் சூட்டைக் காக்கும் நுரை, பஃப் இன்சுலேஷன் என்பார்கள். வென்ட் குழாயின் வாய் மேல்தொட்டியின் தண்ணீர் மட்டத்தைவிட உயரமாக நிற்க வேண்டும். தாழ்வாக இருந்தால் அதன் வழியாகத் தண்ணீர் வழியும். வழிகிறதே என்று மூடி போடுவார்கள், அப்புறம் அக்கா வீட்டுக் கதைதான். வழிந்தால் குழாயை உயர்த்துங்கள்.

---

மாடிவீட்டுக்காரன்

போட்டாயிற்று! விடியற்காலையில் ஆரம்பித்தேன், தம்பி மகன் டார்ச் பிடித்தான். வென்ட் குழாயில் அக்கா சொன்ன மாதிரியே குளவிக்கூடு, கம்பி விட்டு எடுத்துவிட்டேன்.

இரண்டு டியூப் சுலபமாக ஏறிவிட்டது. மூன்றாவதில் ரிங் பக்கம் மெதுவாகச் சொட்டுகிறது. பழையதில் இரண்டு டியூபின் அடி சுத்தமாக வெளுத்திருக்கிறது. ஓரத்தில் இருப்பதால் இத்தனை நாளும் கண்ணில் படவில்லை.

இன்னொன்று. உடைந்த டியூபின் அடிப்பாகத்தைக் குப்பையில் போடும்போது பார்த்தால், அரை அடிக்கு மேல் வெள்ளை மணல் மாதிரி இறுகிக் கிடக்கிறது. மற்ற டியூபிலும் இப்படித்தான் இருக்குமா? எங்களுக்குச் சிறுவாணித் தண்ணீர் சமையலுக்கு மட்டும்தான், மாடித் தொட்டிக்கு ஏறுவது போர் தண்ணீர்.

---

கொங்கு பிளம்பர் (ஈரோடு)

சொட்டும் டியூபை இப்போது தொடாதீர்கள், உள்ளே சூடு ஏறியிருக்கும். மாலையில் வெந்நீரைத் திறந்து விட்டுவிட்டு, நாளைக் காலை வால்வை மூடி, டேங்க் மட்டம் ஓட்டைக்குக் கீழே இறங்கிய பிறகு டியூபைக் கொஞ்சம் கீழே இழுத்து ரிங்கைப் பாருங்கள். உதடு உள்பக்கம் மடிந்திருக்கும். சிலிக்கான் பேஸ்ட் வாங்கி வெளியே பூசிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது ஒரு வாரம் நிற்கும். அடுத்த முறை அந்த டியூபை உடைக்காமல் கழற்ற முடியாது.

வெள்ளை மணல் எல்லா டியூபிலும் இருக்கும். போர் தண்ணீர் என்று சொல்லிவிட்டீர்களே.

---

இயற்பியல் வாத்தியார் (மதுரை)

அது மணல் இல்லை, கால்சியம் கார்பனேட். போர் தண்ணீரில் கால்சியம் பைகார்பனேட்டாகக் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் வரும். தண்ணீர் சூடானால் கார்பன் டை ஆக்சைடு பிரிந்துபோய், கரையாத கார்பனேட் படியும். சூடு ஏற ஏற, குறிப்பாக 60 டிகிரிக்கு மேல், படிவது வேகமாகும். டியூபில் சூடான தண்ணீர் மேல்பக்கமாக ஏறிப் போக, குளிர்ந்தது அடிப்பக்கமாக இறங்கிவரும். அடிநுனியில் ஓட்டம் மந்தம் என்பதால் உரிந்து விழுகிற படிவம் அங்கேயே தங்கிவிடுகிறது. அந்த அரை அடி இனி தண்ணீரைச் சூடாக்குவதில் பெரிதாகப் பங்கெடுக்காது.

---

காப்பர் பேனல் (சேலம்)

ஆசிட் ஊற்றிக் கழுவினால் போகாதா? பாத்ரூம் ஆசிட்டுக்குக் கரையாத உப்பா?

---

கொங்கு பிளம்பர் (ஈரோடு)

அண்ணா, கண்ணாடிக்கு அது ஒன்றும் செய்யாது. டேங்குக்குள் ஒரு சொட்டுப் போனால் ஸ்டீல் போச்சு. பாத்ரூம் ஆசிட் ஹைட்ரோகுளோரிக், அதிலிருக்கும் குளோரைடு டேங்க் செய்யும் 304 ரக ஸ்டீலில் ஊசி ஊசியாக ஓட்டை போடும். எத்தனையோ டேங்க் அடியில் வெல்டிங் ஓரமாக ஒழுகுவதற்கு இதுதான் காரணம். போர் தண்ணீரிலேயே குளோரைடு இருக்கிறது, நாமும் சேர்த்துக் கொடுக்க வேண்டாம்.

டியூபைக் கழற்றிக் கீழே கொண்டுவந்து, சிட்ரிக் ஆசிட் பவுடரை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஊற்றி, நுரைத்து அடங்கும்வரை நிமிர்த்திச் சாய்த்து வைத்துவிடுங்கள். லெமன் சால்ட் என்று மளிகைக் கடையிலேயே கிடைக்கும். அப்புறம் நல்ல தண்ணீரில் அலசிவிட்டுப் பூட்டலாம். உள்ளே கம்பி விட்டுக் குத்தாதீர்கள். இறுகியிருந்தால் இரண்டாவது தடவை ஊற்றினால் இளகிவிடும். கழற்றிய டியூபுக்கெல்லாம் புது ரிங் போடுவது நல்லது. பழைய ரிங் சூட்டில் இறுகியிருக்கும், திரும்பப் பிடிக்காது.

டேங்க் பக்கவாட்டிலோ அடியிலோ ஒரு பெரிய நட் இருக்கும், அதில் மெக்னீசியம் கம்பி செருகியிருப்பார்கள். டேங்கை அரிக்க வருவதைத் தான் வாங்கிக்கொண்டு கரைந்துபோவதுதான் அதன் வேலை. அதையும் கழற்றிப் பாருங்கள். குச்சி போல மெலிந்திருந்தால் மாற்றுங்கள்.

---

மாடிவீட்டுக்காரன்

ரிங் உதடு மடிந்துதான் இருந்தது. சரிசெய்து போட்டேன், இப்போது சொட்டவில்லை. வெளுத்த இரண்டையும் மாற்றிவிட்டேன். மீதி 15-ஐ வரிசையாகக் கழற்றி லெமன் சால்ட் வைத்தியம் பார்த்துப் புது ரிங்கோடு பூட்டியாயிற்று. மெக்னீசியம் கம்பி இருந்த இடத்தில் நட் மட்டும்தான் இருந்தது, கம்பி கரைந்தே போயிருக்கிறது. புதிது போட்டுவிட்டேன்.

நேற்று மாலை பாத்ரூம் குழாயில் கை வைக்க முடியவில்லை. அம்மா "பழைய சூடு வந்துவிட்டது" என்கிறார். வாத்தியார் ஐயா, மாடியில் இது இழுத்துத் தருவது கரண்ட் கணக்கில் எவ்வளவு வரும்? வீட்டில் கேட்கிறார்கள்.

---

இயற்பியல் வாத்தியார் (மதுரை)

200 லிட்டரை 25-லிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய 8 யூனிட் வேண்டும். 2 கிலோவாட் கீசர் நான்கு மணி நேரம் ஓடுவதற்குச் சமம். அவ்வளவையும் தினமும் பயன்படுத்தினால்தான் அந்தக் கணக்கு. இரண்டு பேர் நாலு வாளியில் குளித்துவிட்டு 8 யூனிட் மிச்சம் என்று சொல்லக்கூடாது.

---

நீலகிரி குளிர் (ஊட்டி)

கோவைக்காரர்களுக்கு இன்னொன்று: மே மாதம் வீட்டைப் பூட்டிவிட்டு எங்கள் ஊருக்கு வந்துவிடுகிறீர்கள், அங்கே ஹீட்டரில் வெந்நீரை எடுக்க ஆளில்லாமல் நாளெல்லாம் கொதித்துக்கொண்டிருக்கும். கிளம்பும்போது பாதி டியூபையாவது மூடிவிட்டு வாருங்கள். ஆனால் குளிர்ந்த தண்ணீர் வால்வை மூடிவிட்டு வராதீர்கள், ஆவியாகப் போவதை ஈடுகட்டத் தண்ணீர் வரட்டும்.

---

ஒயிட்ஃபீல்டு தமிழன் (பெங்களூர்)

கடைசியாக என் பங்குக்கு ஒன்று கேட்டுவிடுகிறேன். ஷவரில் வேகம் பத்தவில்லை. பிரஷர் பம்ப் வைக்கலாம் என்கிறார் எங்கள் பிளம்பர். ஹீட்டர் இதே மாதிரி டியூப் மாடல்தான்.

---

கொங்கு பிளம்பர் (ஈரோடு)

ஹீட்டருக்குள் பம்ப் பிரஷர் போகக்கூடாது. ரிங் வெறும் அழுத்தத்தில் பிடித்துக்கொண்டு நிற்பதுதான், பம்ப் ஓடினால் டியூபைக் கீழே தள்ளிவிடும். பிரஷர் தாங்க வேண்டுமென்றால் ஹீட் பைப் மாடல் வாங்க வேண்டும். அதில் டியூபுக்குள் தண்ணீரே போகாது. இரண்டு முனையும் அடைத்த செம்புக் குழாய் ஒன்று சூட்டை மேலே கொண்டுபோய் டேங்குக்குக் கொடுக்கும். டியூப் உடைந்தாலும் ஒழுகாது, விலைதான் அதிகம்.

குளிர்ந்த தண்ணீர் லைனுக்கு மட்டும் பம்ப் வைக்கலாம் என்பார்கள். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மிக்சர் குழாயில் இரண்டு பக்கமும் திறந்திருக்கும்போது பம்ப் தள்ளும் குளிர்ந்த தண்ணீர் வெந்நீர் லைன் வழியாக மேலே ஏறி ஹீட்டர் டேங்குக்குப் போய்விடும். குளிக்கிறவருக்குப் பச்சைத் தண்ணீர், மாடியில் வென்ட் வழியாக மழை. வெந்நீர் லைனில் மிக்சருக்கு முன்னால் தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் நான் ரிட்டர்ன் வால்வு ஒன்று போடச் சொல்லுங்கள், பித்தளையில். அப்படியே டேங்கிலிருந்து கீழே இறங்கும் குழாய் சாதாரண பிவிசியாக இருந்தால் அதையும் மாற்றச் சொல்லுங்கள், கோடையில் வளைந்து தொங்கும்.

வால்வு போட்டும் வேகம் பத்தவில்லையென்றால் மேல்தொட்டியை ஹீட்டரோடு சேர்த்து இன்னும் உயரத்தில் வைப்பதுதான் வழி. ஹீட்டர் மட்டும் தண்ணீரோடு 300 கிலோவுக்கு மேல் வரும். அதனால் ஸ்டாண்டின் கால்கள் பீம் மேலேயோ சுவர் மேலேயோ நிற்க வேண்டும்.